துளைப்பு எண்ணும் வரலாற்றுத் துல்லியமும்

இராணுவ வாகனங்களை மையமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில் வரலாற்றுத் துல்லியம் பற்றி நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் ஓர் எண்ணைச் சுற்றியே நிகழ்கின்றன. இன்ன பீரங்கியின் இன்ன குண்டு, இன்ன தொலைவில் எத்தனை மில்லிமீட்டர் எஃகுக் கவசத்தைத் துளைக்கும் என்பதே அந்த எண். அது நம்பத்தகுந்த ஓர் ஆவணத்தோடு பொருந்திவிட்டால் குண்டு உள்ளது உள்ளபடி அமைந்துவிட்டது என்று கருதுவோர் இன்று மிகுதி. அந்தக் குண்டு வாகனத்துக்குள் எத்தனை எண்ணிக்கையில் இருந்தது, எந்த வழியாகப் பீரங்கிக்குள் சென்றது, எந்த ஆண்டில் படைவீரனின் கைக்கு வந்தது என்பவையெல்லாம் ஆட்டத்தின் சமநிலைக்காகத் தயக்கமின்றி விட்டுக்கொடுக்கத்தக்க சில்லறை விவரங்கள் என்பது அவர்கள் நிலைப்பாடு. 2012 முதல் பொதுவில் ஆடப்பட்டுவரும் ‘வார் தண்டர்’ என்னும் விளையாட்டைப் பற்றிய பேச்சில் இந்த நிலைப்பாடு ஏறத்தாழ ஒரு மரபாகவே வேரூன்றிவிட்டது. தானியங்கிப் பீரங்கிகளைப் பொறுத்தவரை அது அடியோடு தவறானது. முதன்மையானதைச் சில்லறை என்றும், சில்லறையை முதன்மையானது என்றும் மாற்றிவைத்த பார்வை அது.

தானியங்கிப் பீரங்கி என்பது, ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் முதல் 57 மில்லிமீட்டர் வரை குழல்விட்டம் உடையதும், விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தோட்டாவைத் தானே ஏற்றி, சுட்டு, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றிக்கொள்வதுமான ஆயுதமாகும். குண்டுக்குள் வெடிமருந்தையும், அதைத் தக்க கணத்தில் வெடிக்கச்செய்யும் பியூஸ் என்னும் சிறு பொறியமைப்பையும் பொதியும் அளவுக்குப் பருமன் இருப்பதால் அது இயந்திரத் துப்பாக்கியிலிருந்து வேறுபடுகிறது. டாங்கிப் பீரங்கியின் ஒரு குண்டு தன்னளவிலேயே ஒரு முடிவை உண்டாக்கவல்லது. தானியங்கிப் பீரங்கியிலோ பல குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று சேர்வதால்தான் விளைவு பிறக்கிறது. ஆகவே டாங்கிக் குண்டை ஓர் எண்ணால் விவரிப்பது குறைபட்ட விவரிப்பு என்றாலும் பொருளற்றதன்று. குண்டுகளின் வரிசையே ஆயுதமாக இருக்கும் இடத்தில், ஒற்றைக் குண்டின் எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டு ஆயுதத்தைச் சரிபார்த்ததாகச் சொல்வது பொருந்தாது.

இவ்விளையாட்டுகளின் அட்டவணைகள் புதுப்பிப்புதோறும் மாறுவன என்பதால், ஏதோ ஒரு நாளின் அட்டவணையைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. அந்த அட்டவணைகளை மதிப்பிடப் பலரும் கையிலெடுக்கும் அளவுகோலே ஆராயப்படுகிறது.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். துளைப்புத்திறன் ஒரு குண்டின் எடையைப் போலவோ நீளத்தைப் போலவோ குண்டுக்குள்ளேயே உறைந்திருக்கும் பண்பன்று. அது ஒரு சோதனையின் முடிவு, சோதனையின் விதிகள் மாறினால் முடிவும் மாறும். அமெரிக்காவிலேயே தரைப்படை ஒரு வரையறையையும் கடற்படை வேறொரு வரையறையையும் வைத்திருந்தன. தகட்டின் பின்புறத்தில் வெளிச்சம் தெரியும் அளவுக்குத் துளையோ விரிசலோ விழுந்தால் துளைப்பு நிகழ்ந்ததாக முன்னது கொண்டது. குண்டு தகட்டை முழுவதும் கடந்து வெளியேறினால்தான் பின்னது ஒப்புக்கொண்டது. சோவியத் சோதனைகள், சுட்ட குண்டுகளில் ஐந்தில் ஒன்று துளைக்கும் எல்லையையும், ஐந்தில் நான்கு துளைக்கும் எல்லையையும் தனித்தனியே பதிவுசெய்தன. பாதிக்குப் பாதி துளைக்கும் எல்லையை அளவாகக் கொண்டவர்களும் உண்டு. தகட்டின் சாய்வு, கடினத்தன்மை, தடிமன் ஆகியவையும் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. இத்தனை விதிகளின்கீழ் எடுக்கப்பட்ட எண்களை ஒரே பத்தியில் அடுக்கி, ஒன்று மற்றொன்றைவிட நான்கு மில்லிமீட்டர் கூடுதல் என்று வாதிடுவோர், தாம் ஒப்பிடுவது இரண்டு குண்டுகளையா அல்லது இரண்டு சோதனைக்கூடங்களின் வழக்கங்களையா என்பதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு விடையாக ‘வார் தண்டர்’ பின்னாளில் வாய்பாடுகளைக் கையாளத் தொடங்கியது. முழுவிட்டக் குண்டுகளுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பற்கவசங்களை மனத்தில் வைத்து உருவான தெ மார் வாய்பாடும், நீண்ட ஊசி போன்ற உலோகத் தண்டை எய்யும் நவீனக் குண்டுகளுக்கு லான்ஸ், ஓடர்மாட் என்னும் இருவர் பெயரால் வழங்கும் வாய்பாடும் அடிப்படையாயின. எல்லா நாட்டுக் குண்டுகளையும் ஒரே தராசில் நிறுத்துவதால் இது நடுநிலையான முறை என்று பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டில் நியாயமும் உண்டு. ஆனால் நடுநிலை வேறு, வரலாறு வேறு. குண்டின் எடை, விட்டம், வேகம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் வாய்பாடு, ஒரு தொழிற்சாலையின் எஃகு உறுதியாக இருந்ததா, கவசத்தில் மோதியதும் குண்டின் முனை நொறுங்கிப்போனதா என்பவற்றை அறியாது. வாய்பாடு தருவது ஒரு சீரான மதிப்பீடு. அதை ஆவணச் சான்றின் இடத்தில் அமர்த்தி, அதிலிருந்து வரலாற்றுத் துல்லியம் என்ற சொல்லுக்கு உரிமை கோருவது முறையாகாது.

எண்ணைவிட ஆழமான பிழை, குண்டுகள் பீரங்கிக்குச் சென்று சேரும் வழியைப் பற்றிய அலட்சியத்தில் இருக்கிறது. ‘வார் தண்டர்’ தொடக்கத்தில் வானூர்திகளின் விளையாட்டு. தரை வாகனங்கள் 2014-இல்தான் அதில் இடம்பெற்றன. வெவ்வேறு வகைக் குண்டுகளைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்த தோட்டா நாடா, அதாவது பெல்ட், இரண்டாம் உலகப்போர் வானூர்திகளுக்கு முற்றிலும் பொருத்தமானது. ஆயுதப் பணியாளர் தரையில் நாடாவைக் கோத்து ஏற்றிவிட்டபின், பறந்துகொண்டிருக்கும் விமானிக்கு அதை மாற்ற வழியில்லை. எதிர்ப்படக்கூடிய எல்லா இலக்குகளுக்கும் ஏற்ற கலவையாக அது இருந்தாக வேண்டும். தரை வாகனத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே குண்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, போர்க்களத்தில், இலக்கைக் கண்ட கணத்தில், வாகனத்துக்குள் இருப்பவரிடம் இருந்தது. அந்த உரிமையை எவ்வளவு விரைவாக, எத்தனை குண்டுகளுக்கு ஒருமுறை செலுத்தலாம் என்பதே ஒவ்வொரு பீரங்கியின் தனிக்குணமாகவும் இருந்தது.

பிரித்தானியப் படையின் 30 மில்லிமீட்டர் ராடன் பீரங்கி இதற்கு மிகத் தெளிவான சான்று. ஃபாக்ஸ், சிமிட்டர் என்னும் வேவு வாகனங்களிலும், வாரியர் என்னும் காலாட்படைப் போர் வாகனத்திலும் பொருத்தப்பட்ட இப்பீரங்கிக்குத் தோட்டா நாடாவே கிடையாது. மூன்று தோட்டாக்களைப் பற்றியிருக்கும் கிளிப்புகளைக் கையால் திணிக்க வேண்டும். இரண்டு கிளிப்புகள், அதாவது ஆறு தோட்டாக்கள், உள்ளே நிற்கும். சுடும் வேகமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 குண்டுகள் என்ற அளவில் குறைவு. வடிவமைப்பாளர்கள் இயலாமையால் இப்படிச் செய்யவில்லை. குறுகிய கோபுரத்துக்குள் பின்புறம் அதிக இடத்தை அடைக்காமலும், சுடும்போது எழும் புகை உள்ளே பரவாமலும், ஒவ்வொரு குண்டையும் குறிபார்த்துச் சுடும் துல்லியத்தோடும் இயங்கும் ஆயுதமே அவர்கள் நாடியது. அப்பீரங்கியின் குண்டு எத்தனை மில்லிமீட்டர் துளைக்கும் என்பதைப் பின்னத்தோடு சரியாகப் பதிவுசெய்துவிட்டு, அதை நீண்ட நாடாவிலிருந்து ஓயாமல் சுடவிடும் ஒரு விளையாட்டு ராடனைக் காட்டவில்லை. ராடன் என்ற பெயரில் பிரித்தானியப் படையிடம் இல்லாத வேறொரு பீரங்கியைக் காட்டுகிறது.

ராடனில் தேர்வின் அலகு மூன்று தோட்டாக்கள் என்றால், இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானிய பான்சர் 2 டாங்கியில் அது பத்து. அதன் 2 சென்டிமீட்டர் பீரங்கி பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டிகளிலிருந்து சுட்டது. போஃபர்ஸ் 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியின் பழைய வடிவத்தில் நான்கு தோட்டாக் கிளிப்புகளைப் பணியாளர் மேலிருந்து இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதே மரபில் பின்னாளில் வந்த நீள்குழல் பீரங்கியை ஸ்வீடன் தன் ஸ்ட்ரிட்ஸ்ஃபோர்டன் 9040 வாகனத்தில் தலைகீழாகப் பொருத்தியது. அதற்கு உடனடியாகக் கிடைப்பவை எட்டெட்டாக மூன்று பகுதிகளில் நிற்கும் 24 தோட்டாக்கள்.

அமெரிக்க எம்2 பிராட்லி என்னும் காலாட்படைப் போர் வாகனத்தின் 25 மில்லிமீட்டர் புஷ்மாஸ்டர் பீரங்கி வேறொரு விடையைக் கண்டது. மின்மோட்டாரால் இயங்கும் இப்பீரங்கிக்கு இரண்டு தனித்தனி நாடாக்கள் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும். கவசத் துளைப்புக் குண்டா, உயர்வெடிக் குண்டா என்பதைப் பீரங்கியாளர் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்வார். சோவியத் பிஎம்பி-2 வாகனத்தின் 30 மில்லிமீட்டர் 2ஏ42 பீரங்கியும் இரட்டை நாடா உடையதே. இத்தகைய வாகனத்துக்குக் கவசத் துளைப்புக் குண்டும் உயர்வெடிக் குண்டும் மாறி மாறிக் கோத்த கலப்பு நாடாவைக் கொடுப்பது, அது எந்தக் குறையைப் போக்குவதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தக் குறையையே அதன்மேல் ஏற்றுவதாகும். குண்டுகளின் எண்கள் அனைத்தும் அப்போதும் சரியாகவே இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்க்கும் அளவுகோல் இந்தப் பெரும்பிழையைக் கண்டுகொள்ளவே இயலாதது.

எண்ணிக்கை பற்றிய சான்றுகள் இன்னும் அழுத்தமானவை. பிராட்லியில் சுடுவதற்கு ஆயத்தமாக நிற்கும் 300 தோட்டாக்கள் 70 ஆகவும் 230 ஆகவும் இரு பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. சிறிய பகுதி கவசத் துளைப்புக் குண்டுகளுக்கும், பெரியது உயர்வெடிக் குண்டுகளுக்கும் உரியது. பிஎம்பி-2 சுமக்கும் 500 தோட்டாக்களில் கவசத் துளைப்புக் குண்டுகள் 160, எஞ்சிய 340 உயர்வெடி வகை. ஜெர்மனியின் கெபார்டு என்னும் விமான எதிர்ப்பு வாகனத்தின் இரட்டை 35 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கு 640 விமான எதிர்ப்புத் தோட்டாக்கள் இருந்தன. கவசத் துளைப்புக் குண்டுகளோ பீரங்கிக்கு இருபதாக மொத்தம் 40 மட்டுமே, அவையும் தனிப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. மூன்று நாடுகள், இரண்டு எதிரெதிர் அணிகள், மூன்று வேறு வகை வடிவமைப்புகள். மூன்றிலும் கவசத் துளைப்புக் குண்டு சிறுபான்மை. ஏனெனில் இவ்வாகனங்கள் களத்தில் எதிர்கொண்ட இலக்குகளில் பெரும்பாலானவை கவசம் பூண்டவை அல்ல. பதுங்குகுழி, சுவர், லாரி, தோளில் ஏவுகணை தாங்கிய காலாள், தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் ஆகியவையே அவை. ஆப்கானிஸ்தானில் சோவியத் பிஎம்பி-2 மதிக்கப்பட்டது மேலே 74 பாகை வரை உயரும் குழலால் மலைச்சரிவுகளை எட்ட முடிந்ததற்காக. அங்கே எதிர்த்தரப்பில் துளைப்பதற்கான கவசப்படை இருக்கவில்லை.

இப்போது ஒரு விளையாட்டாளர் கெபார்டைத் தேர்ந்தெடுத்து, அதன் 680 தோட்டாக்களையும் கவசத் துளைப்பு வகையாகவே நிரப்பிக்கொண்டு டாங்கிகளின் பக்கவாட்டை வேட்டையாடப் புறப்படுவதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு குண்டின் துளைப்பு எண்ணும் ஆவணத்தோடு பொருந்தினாலும், அப்படியொரு கெபார்டு எந்தப் படையிலும் இருந்ததில்லை. எதிர்பாராது எதிர்ப்படும் கவச வாகனத்திடமிருந்து தப்பிப் பின்வாங்குவதற்கான தற்காப்பாகத் தரப்பட்ட 40 குண்டுகளை வேட்டைக் கருவியாக்கிக் காட்டுவது, துளைப்பு எண்ணில் பத்து மில்லிமீட்டர் பிழைவிடுவதைக் காட்டிலும் பெரிய வரலாற்றுத் திரிபு.

காலம் பற்றிய அலட்சியமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஒரு பீரங்கிக்கென எப்போதாவது செய்யப்பட்ட குண்டுகளில் மிகச் சிறந்தது எதுவோ அதுவே அந்தப் பீரங்கியின் ‘உண்மையான’ குண்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் கவச வாகனங்களை எதிர்த்த பிராட்லிகள் பயன்படுத்தியது எம்791 என்னும் டங்ஸ்டன் கருக் குண்டு. மெல்லிய கருவைச் சுற்றி இலேசான உறை ஒன்று இருக்கும். குழலைவிட்டு வெளியேறியதும் உறை கழன்று விழ, கரு மட்டும் மிகுவேகத்தில் பாயும். செறிவு குறைந்த யுரேனியத் தண்டை எய்யும் எம்919 அப்போருக்குப் பிறகே படைகளிடம் சேர்ந்தது. 1991-இன் பிராட்லிக்கு எம்919 வழங்கிவிட்டு, அதன் துளைப்பு எண் சரிதான் என்று வாதிடுவது, ஒரு மன்னனின் கல்வெட்டில் அவன் பேரனின் வெற்றிகளைப் பொறித்துவிட்டு எழுத்துப்பிழை இல்லை என்று பெருமைப்படுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானியக் குண்டுகளில் இது பொருளாதாரக் கேள்வியாகவும் ஆகிறது. பான்சர்கிரனாட்டே 40 என்னும் கடினக்கருக் குண்டின் நடுவே இருந்தது டங்ஸ்டன் சேர்மம். அதே டங்ஸ்டன் தொழிற்சாலைகளின் வெட்டுக்கருவிகளுக்கும் இன்றியமையாதது. ஜெர்மனிக்குத் தன் மண்ணில் போதிய டங்ஸ்டன் இல்லை. போர்ச்சுகல், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் வரத்தையே நம்பியிருந்தது, அந்த வரத்தை அடைக்க நேச நாடுகள் ஓயாமல் முயன்றன. ஆகவே அக்குண்டுகள் அரிதாகவே கிடைத்தன; கிடைத்தவையும் தக்க இலக்குக்காகச் சேமித்து வைக்கப்பட்டன. பான்சர் 2 ஒன்றின் 180 தோட்டாக்களையும் இவ்வகைக் குண்டாலேயே நிரப்ப அனுமதிக்கும் ஏற்பாடு, போரின் போக்கைத் தீர்மானித்த மூலப்பொருள் தட்டுப்பாட்டையே இல்லாததாக்கிவிடுகிறது.

துளைப்பு எண்ணை அளவுகோலாகக் கொள்வதன் வறுமை, துளைப்பதற்காகச் செய்யப்படாத குண்டுகளிடம்தான் முழுமையாக வெளிப்படுகிறது. ஜெர்மானிய விமானப்படையின் 20 மில்லிமீட்டர் ‘மீனன்கெஷோஸ்’ என்னும் குண்டின் சுவர் மிக மெல்லியது. எஃகை இழுத்து நீட்டி உருவாக்கிய அந்தக் கூட்டுக்குள் ஏறத்தாழ 18 கிராம் வெடிமருந்து அடங்கியது. குண்டின் மொத்த எடையோ 92 கிராம்தான். விமானத்தின் உட்புறத்தில் வெடித்து, வெடிப்பின் அழுத்தத்தால் அதன் தோலைக் கிழிப்பதே அதன் வேலை. துளைப்பு அட்டவணையில் அது அடிமட்டத்தில் நிற்கும். அதை எதிர்கொண்ட விமானிகளுக்கோ அது பேரச்சம். இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. பழைய 134 கிராம் குண்டைவிட இது இலேசானதால், பின்னுதைப்பின் விசையால் இயங்கிய எம்ஜி எஃப்எஃப் பீரங்கியின் இயக்கமே பொருந்தாமல் போயிற்று. அதன் உறுப்புகளைத் திருத்தி எம்ஜி எஃப்எஃப்/எம் என்ற மாற்று வடிவத்தை உருவாக்கிய பிறகே புதிய குண்டை அது சுட முடிந்தது. குண்டு என்பது எந்தக் குழலிலும் செருகத்தக்க தனிப்பொருள் என்ற விளையாட்டு மனப்பான்மைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

தற்காலத்தின் 35 மில்லிமீட்டர் ‘அஹெட்’ குண்டும் அதையே சொல்கிறது. ஒவ்வொன்றும் 3.3 கிராம் எடையுள்ள 152 டங்ஸ்டன் உருளைகளை இலக்குக்குச் சற்று முன்னால் விரித்துவிடும் இக்குண்டுக்கு, எப்போது விரிய வேண்டும் என்ற கட்டளை குழலின் வாயில் பொருத்திய மின்சுருள்கள் வழியாகத் தரப்படுகிறது. முதலிரு சுருள்கள் குண்டின் வேகத்தை அளக்க, மூன்றாவது அதற்கேற்ப நேரத்தைப் பதிக்கிறது. சுருள்கள் இல்லாத பழைய 35 மில்லிமீட்டர் பீரங்கிக்கு இக்குண்டை வழங்குவது, விட்டம் ஒத்திருந்தாலும், பொருளற்றது.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்வோரும் இறுதியில் சமநிலை என்ற வாதத்திடம் அடைக்கலம் புகுகின்றனர். துளைப்புக் குண்டுகளைக் கட்டுப்படுத்தினால் இவ்வாகனங்கள் ஆடத் தகுதியற்றவை ஆகிவிடும் என்பது அவர்கள் கவலை. கவலை உண்மையானது, தீர்வு தவறானது. ‘வார் தண்டர்’ ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு போர்த்தர எண்ணை வைத்திருக்கிறது. ஒரே அளவு வலிமையுள்ள வாகனங்களே ஒரு களத்தில் சந்திக்கும்படி செய்வதற்கான ஏற்பாடு அது. நாற்பது துளைப்புக் குண்டுகள் மட்டுமே உடைய கெபார்டு வலிமை குன்றியதாகத் தோன்றினால், அதன் போர்த்தரத்தைக் குறைத்து எளிய எதிரிகளின் நடுவே நிறுத்தலாம். வாகனம் எங்கே நிற்க வேண்டும் என்பது விளையாட்டின் உரிமை. வாகனம் எதைச் சுமந்தது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதற்கு இல்லை. தவிரவும், ஒரு கணத்தில் குண்டு வகையை மாற்றவல்ல பிராட்லிக்கும், மூன்று மூன்றாய்க் கையால் ஊட்டவேண்டிய வாரியருக்கும் இடையிலான வேறுபாடு ஆட்டத்தைச் சலிப்பாக்குவதில்லை. ஒரே சுவையுடைய பல பீரங்கிகளின் இடத்தில் வெவ்வேறு அறிவைக் கோரும் பல பீரங்கிகளை அது தருகிறது.

சான்றுகள் கிடைப்பது அரிது என்ற மறுமொழியும் நிற்காது. உண்மையில் நேர்ந்திருப்பது கவலைக்குரிய தலைகீழ் நிலை. 2021-இல் பிரித்தானிய சேலஞ்சர் 2 டாங்கியின் கையேட்டுப் பகுதிகளும், 2022-இல் சீனாவின் 125 மில்லிமீட்டர் டாங்கிக் குண்டு பற்றிய விவரங்களும் இவ்விளையாட்டின் வாதங்களில் தம் பக்கத்தை நிலைநாட்டுவதற்காகவே பொதுவெளியில் இடப்பட்டன. இரகசிய ஆவணங்களைச் சான்றாக ஏற்பதில்லை என்று விளையாட்டு நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஓர் எண்ணுக்காகச் சட்டத்தை மீறவும் துணியும் ஆர்வம் இருக்கிறது. இரகசியம் ஏதுமற்ற கிளிப்பையும் பெட்டியையும் இரட்டை நாடாவையும் பார்க்கும் பொறுமை இல்லை. இவையெல்லாம் பயிற்சிக் கையேடுகளில் அச்சாகியுள்ளன. அருங்காட்சியகங்களில் கோபுரத்தின் கதவு திறந்திருக்கும் வாகனங்களில் கண்ணாலேயே காணக்கூடியவை.

துளைப்பு எண்ணைக் கைவிட வேண்டும் என்பது இம்மறுப்பின் பொருளன்று. அது தேவையான விவரங்களுள் ஒன்று; நேர்மையாகக் கணக்கிட்டு, எந்த விதியின்கீழ் வந்த எண் என்பதையும் அறிவித்தால் போதும். ஆனால் வாகனங்களை உருவாக்குவோரும், அவற்றின் பிழைகளைச் சுட்டிக்காட்டப் புறப்படும் விளையாட்டாளர்களும், அடுத்தமுறை ஒரு தானியங்கிப் பீரங்கியை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளை முதலில் கேட்க வேண்டும்: தோட்டா எதன் வழியாக உள்ளே செல்கிறது, ஒவ்வொரு வகையிலும் எத்தனை இருந்தன, எந்த ஆண்டில் அவை வீரர்களின் கைக்கு வந்தன. இம்மூன்றுக்கும் விடை தராமல் மில்லிமீட்டர் கணக்கை மட்டும் முன்வைக்கும் எந்தத் திருத்தக் கோரிக்கையையும் வரலாற்றின் பெயரால் ஏற்கக் கூடாது.